கண்ணாடி ஊசிக்கு ஊற்றிய தண்ணீர்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் புதிதாக ஒரு சில்லு, அதாவது 'சிப்', வந்திருக்கிறதாம். நகத்தின் அளவுதான் இருக்குமாம். அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் நாற்று நட்டது போல வரிசையாக நிற்குமாம். மேலே உடம்பிலிருந்து எடுத்த செல்களைப் பரப்பினால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக மருந்து போகுமாம். உள்ளே போன மருந்து என்ன ஆனது என்பதையும் அதுவே சொல்லிவிடுமாம். அங்கே ஆராய்ச்சி செய்யும் நிவேதா போனில் இதையெல்லாம் சொன்னாள்.

"அண்ணா, நீங்க ஒவ்வொரு ஊசியா கையால இழுத்துக் குடுத்தீங்கன்னு சொன்னா புதுசா வந்தவங்க நம்ப மாட்றாங்க. ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

நம்பாதவர்கள் மேல் தப்பே இல்லை. என் மனைவி சரோஜாவே பத்தொன்பது வருஷமாக நம்பவில்லை. "கண்ணுக்கே தெரியாத ஊசியாம். அதைப் பார்த்துப் பார்த்து செய்றாராம். எனக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பட்டுப் புடவை எடுத்துக் குடுங்க" என்பாள்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஊர் அடி அண்ணாமலை. ஒரு கல்லூரி வேதியியல் கூடத்தில் குடுவை கழுவும் வேலையில் இருந்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமப் பகுதியைத் தாண்டி இந்த ஆய்வகம் தொடங்கியபோது கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முதல் மூன்று மாதம் கழுவினேன். ஒரு நாள் ஆய்வகத்தை நடத்தும் பெரிய மேடம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்க கை நடுங்கறதே இல்லையே ஏழுமலை" என்றார். "தினமும் அண்ணாமலையார் படத்துக்கு விளக்கு ஏத்தறேங்க மேடம். எண்ணெய் சிந்தினா சரோஜா திட்டுவா" என்றேன். அடுத்த வாரமே ஊசி இழுக்கும் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில் உடைத்த குழாய்களை எழுதினால் மலரில் இடம் போதாது.

வேலை இதுதான். பேனா ரீஃபில் போல ஒரு கண்ணாடிக் குழாய். அதன் உள்ளே நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் இருக்கும். குழாயின் இரண்டு முனைகளையும் மிஷினில் இறுக்க வேண்டும். நடுப்பகுதியில் விரல் படக் கூடாது. விரல் பட்டால் வியர்வை ஒட்டும், ஒட்டின இடம் சரியாக இளகாது. மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் லேசர் வெளிச்சம் நடுவில் விழும். கண்ணாடி வெள்ளையாக ஜொலிக்கும். அடுத்த நொடி மிஷின் இரண்டு பக்கமும் 'டக்' என்று இழுத்துவிடும். ஒரு குழாய் இரண்டு ஊசியாகிவிடும். அதன் முனை எவ்வளவு இருக்கும் என்றால், ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரம் பங்காக வைத்தால் அதில் ஒரு பங்கு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கூடத் தெரியாது. முனை இருக்கிறது என்பது ஒரு நம்பிக்கைதான். அந்த மாதிரி நம்பிக்கை எனக்குப் பழக்கம் என்பதால் கஷ்டப்படவில்லை.

முனை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மின்சாரம்தான் வழி. ஊசிக்குள் பின்பக்கமாக உப்புத் தண்ணீர் நிரப்பி, நகத்தால் மெதுவாகத் தட்டிக் குமிழி எடுத்து, வெள்ளிக் கம்பி செருகி, தண்ணீரில் நனைத்தால் திரையில் ஒரு கோடு வரும். அந்தக் கோட்டின் அளவை வைத்து ஓட்டை பெரிதா சின்னதா என்று சொல்லிவிடலாம். பிறகு சுவரின் ஒரு பக்கத்தில் மருந்து, மறு பக்கத்தில் உப்புத் தண்ணீர். ஊசியை செல்லை நோக்கி இறக்கிக்கொண்டே போனால், தொடுவதற்குச் சற்று முன்பே அந்தக் கோடு கொஞ்சம் தாழும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு சின்னக் குத்து. மருந்து துளியிலும் துளியாக உள்ளே போகும். செல்லுக்குத் தெரியவே தெரியாது. கோடு தாழ்வதைக் கவனிக்காமல் விட்டால் ஊசி மறுபக்கம் போய்விடும், செல் வெடித்துவிடும்.

பெரிய மேடம் பெயர் கௌசல்யா. நான் பார்த்த வரைக்கும் அவர் ஒருவரையும் அதட்டியதில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தனை தடவை?" ஊசி அடைத்துக்கொண்டது என்றாலும் அதே கேள்வி, நன்றாக வந்தது என்றாலும் அதே கேள்வி. ஒரு தடவை என்று சொன்னால் பதில் பேசாமல் டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். மூன்று தடவை என்றால்தான் தம்ளரைக் கீழே வைப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஊசிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. மேடம் நான்கு நாள் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார். நெற்றியைப் பார்த்தார். நான் பட்டை பட்டையாகத் திருநீறு பூசுகிறவன். அழிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஏழுமலை, நான் சாமி கும்பிடறவ இல்ல. நீங்க பூசறதைப் பூசுங்க. ஆனா உதிராம பூசறதுக்கு வழி உண்டா?" என்று கேட்டார். உண்டே! தண்ணீரில் குழைத்துப் பூசினால் காய்ந்ததும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து குழைத்துத்தான் பூசினேன், மேலே தொப்பியும் போட்டுக்கொண்டேன். அடைப்பு கம்மியானது. மேடம் மூன்று வாரம் கணக்கெடுத்த பிறகுதான் தம்ளரைக் கீழே வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகக் காலண்டரில் பௌர்ணமி நாள் எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் இருக்கும். அதை மேடமே போடுவார். லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றும்போது ரோட்டில் பஸ்ஸும் வேனும் ஓயாது. அதிராமல் இருக்கக் காற்றழுத்தத்தில் மிதக்க வைத்த மேஜை கூட அதிரும், ஊசி ஆடும். அதனால் அன்றைக்குக் குத்தும் வேலை கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அந்த வட்டங்களைக் காட்டி, "உங்கள் மேடம் பெரிய பக்தையோ?" என்று நிவேதாவிடம் கேட்டாராம். "இல்ல சார், எங்க ஊசிக்குத்தான் பக்தி" என்றாளாம் அவள்.

இனி, தண்ணீர் இல்லாமல் தவித்த அந்தக் கோடையைப் பற்றி.

அந்த வருஷம் ஆய்வகத்துப் போர்க் கிணறு வற்றிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை லாரித் தண்ணீர். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று அலுவலகத்தில் காகிதம் ஒட்டினார்கள். ஆய்வகக் கட்டடத்தின் பின்பக்கம் நான் வைத்த செவ்வரளிச் செடி ஒன்று இருந்தது. கட்டடம் கட்டின புதிதில் அங்கே மட்டும்தான் மண் இளக்கமாக இருந்தது, மற்றதெல்லாம் பாறை. ஒரு குச்சி ஊன்றினேன், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. தினமும் காலையில் இரண்டு வாளி ஊற்றுவேன். பூவைப் பறித்து வீட்டுப் பூஜைக்கு எடுத்துப்போவேன்.

ஒட்டின காகிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு உறுத்தியது. ஆய்வகத்துத் தண்ணீரை என் வீட்டுச் சாமியின் பூவுக்கு ஊற்றுவது திருட்டு அல்லவா? சாமிக்குத் திருட்டுத் தண்ணீரில் வளர்ந்த பூவைப் போடலாமா? அண்ணாமலையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். எனக்குள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் திரையில் கோடு கெட்டது. நூல் போல இருக்க வேண்டிய கோடு, கம்பளிப்பூச்சி போலத் தடித்துவிட்டது. அந்தத் தடிப்புக்குள் கோடு தாழ்வது எப்படித் தெரியும்? நிவேதா வயர்களை மாற்றிப் பார்த்தாள், விளக்குகளை அணைத்துப் பார்த்தாள், ஏசியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளுக்கு நாள் ஜாஸ்திதான் ஆனது. கடைசியில் மேடம் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏழுமலை, ஊசியில ஏதாவது மாறிடுச்சா?"

அதுவரை பதினைந்து வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "இல்லைங்க மேடம்" என்றேன். ஆனால் எனக்கே நிச்சயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளை நான் மாற்றவில்லை என்று எப்படிச் சத்தியம் செய்வது?

அந்த நிலையில்தான் முப்பத்தேழாம் எண் வந்தது.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஐஸ் பெட்டியில், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களோடு ஒரு சின்னக் குழாய். எங்களுக்கு யாருடைய பெயரையும் சொல்ல மாட்டார்கள். எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். எண் முப்பத்தேழு, வயது நாற்பத்தொன்று, பெண். ரத்தப் புற்றுநோய். கொடுத்துவந்த மருந்து திடீரென்று வேலை செய்யவில்லை. மருந்து செல்லுக்குள்ளேயே போகவில்லையா, போனதை செல் வெளியே தள்ளிவிடுகிறதா, அல்லது உள்ளே இருந்தும் பயன் இல்லையா? இது தெரிந்தால் அந்த டாக்டர் அடுத்த மருந்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க ஒரு துப்பு கிடைக்கும். அவருக்கு இருந்ததோ இரண்டு மூன்று நாள். இன்னொரு முறை எலும்பு மஜ்ஜையை எடுக்க அந்தப் பெண்ணின் உடம்பில் தெம்பு இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். வந்த செல்களும் சாயங்காலம் வரைதான் தாங்கும்.

அந்த மருந்துக்கு ஒரு குணம். தகுந்த வெளிச்சம் பட்டால் அதுவே சிவப்பாக ஒளிரும். செல்லுக்குள் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிவப்பு நின்றால் மருந்து உள்ளே இருக்கிறது. மங்கிக்கொண்டே போனால் வெளியேறுகிறது.

பொறுக்கி எடுத்ததில் உயிரோடு இருந்தவை இருபத்து நான்கு செல். காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். நிவேதா இறக்கினாள். கம்பளிப்பூச்சிக் கோடு. முதல் செல் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. நான் புது ஊசி, புது ஊசி என்று இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் பதினொரு செல் போய்விட்டது. ஒன்றில் கூட மருந்து ஒழுங்காக இறங்கவில்லை.

நிவேதா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, நான் செல்லைக் குத்தல. அவங்களைக் குத்திக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு."

மேடம் அவள் தோளைத் தொட்டார். "பதினைஞ்சு நிமிஷம் யாரும் எதையும் தொட வேணாம். போய் மோர் குடிச்சிட்டு வா" என்றார். அவர் முகம் வாடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் பின்பக்கம் போய் நின்றேன். அரளி தலை தொங்கிக் கிடந்தது. பாதி இலை பழுத்துவிட்டது. எனக்குச் சுரீர் என்றது. திருட்டுத் தண்ணீர் வேண்டாம் என்று பெருமை பேசினேனே, வாயில்லாத செடிக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும் என்று தோன்றியதா? அந்தக் குறைதான் இன்று ஒரு பெண்ணின் தலையில் விடிகிறது என்று நினைத்துவிட்டேன். படித்தவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் ஓடினேன். "யக்கா, ரெண்டு குடம் தண்ணி குடு."

"இந்தக் காலத்துல தண்ணி கேக்கற? டீ வேணா ரெண்டு குடம் குடுக்கறேன், கொண்டு போ."

"சாமி செடி வாடுது யக்கா."

"அதை மொதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்று அவளே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு குடமும் ஊற்றினோம். மண் 'சொர்ர்' என்று குடித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

கால் மணி நேரம் இருக்கும். நிவேதா கத்தினாள். "மேடம்! மேடம், கோடு பாருங்க!"

கம்பளிப்பூச்சி மெலிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருக்க, மெலிந்து மெலிந்து ஏறக்குறைய நூலாகிவிட்டது.

"யாராவது எதையாவது தொட்டீங்களா?" என்றார் மேடம்.

"நான் மோர்தான் மேடம் குடிச்சேன்" என்றாள் நிவேதா.

நான் உள்ளதைச் சொன்னேன். "பின்னாடி சாமி செடிக்குத் தண்ணி ஊத்தினேங்க மேடம். ரெண்டு வாரமா ஊத்தல. என் தப்புதான்."

மேடம் சிரிக்கவில்லை. "எத்தனை குடம்?" என்றார்.

"ரெண்டுங்க."

"எந்த இடம்? காட்டுங்க."

பின்பக்கம் வந்து செடியைச் சுற்றிப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, கிளைகளை விலக்கி, சருகைக் கையால் தள்ளினார். அடியில் ஒரு இரும்பு மூடி. அங்கிருந்து ஒரு செம்புப் பட்டை சுவர் ஏறி எங்கள் ஊசி அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. உடனே கட்டடத்துக்கு வயரிங் செய்த கரீம் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அதா மேடம்? அதுதான் ஊசி ரூமோட எர்த் குழி. செம்புத் தகடு வச்சு, கரியும் உப்பும் கொட்டிப் பொதைச்சேன். இங்க பாறை பூமி, காஞ்சா வேலைக்கு ஆவாது. தெனம் தண்ணி ஊத்தணும்னு அப்பவே சொன்னேனே!"

"யார்கிட்ட பாய் சொன்னீங்க?" என்றேன்.

"வாட்ச்மேன்கிட்ட."

"அவரு வேலையை விட்டுப் போயி பத்து வருஷம் ஆச்சு பாய்!"

"அப்போ இத்தினி வருஷமா யாருய்யா தண்ணி ஊத்தினது?" என்றார் கரீம் பாய்.

நான் அரளியைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு குடம் கொண்டு வாங்க ஏழுமலை. ஓடுங்க" என்றார்.

மீதி இருந்தது பதின்மூன்று செல். நான் மூன்று குழாய் இழுத்தேன், ஆறு ஊசி. நிவேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். கோடு லேசாகத் தாழ்ந்தது. நிறுத்தினாள். குத்தினாள். ஒரு செல் மட்டும் இருட்டில் செம்பருத்தி மொட்டு மாதிரி சிவந்தது. அப்புறம் அந்தச் சிவப்பு மெல்ல மங்கத் தொடங்கியது. அடுத்த செல்லும் அப்படியே. சாயங்காலம் ஐந்தரைக்குள் பத்து செல்லில் மருந்து சரியாக இறங்கியது. எட்டில் மங்கிவிட்டது. உள்ளே போனதை செல் வெளியே தள்ளுகிறது. மேடம் எட்டாவது செல்லுக்குப் பிறகுதான் டீத் தம்ளரைக் கீழே வைத்தார், உடனே அந்த டாக்டருக்குப் போன் செய்தார்.

மறுநாள் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து அந்தச் செம்புப் பட்டையைக் கழற்றினார். கோடு தடித்தது. மாட்டினார், மெலிந்தது. மூன்று தடவை. "செம்புத் தகடுதான் ஏழுமலை. மண் காஞ்சா எர்த் வேலை செய்யாது, சுத்தியிருக்கற கரண்ட் எல்லாம் கோட்டுல ஏறிடுது" என்றார். நான் மறுக்கவில்லை. தகடு புதைத்த இடமாகப் பார்த்து என்னை அரளிக் குச்சியை ஊன்ற வைத்தது யார் என்று அவரிடம் கேட்கவும் இல்லை. ஆய்வகத்தின் தினசரி வேலைப் பட்டியலில், காஸ் சிலிண்டர் பார்ப்பதற்கும் மேலே, 'அரளிக்கு இரண்டு வாளி' என்று முதல் வரியாக மேடமே எழுதினார். பூவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எர்த்துக்குப் பூ தேவையில்ல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜாவோடு கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"பேரு தெரியாதுங்க சாமி. நம்பர் முப்பத்தேழு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டோக்கன் நம்பர் கேக்கலைங்க. யார் பேருக்கு அர்ச்சனை?"

சரோஜா இடித்தாள். "இன்னாங்க இது? சாமி பேருக்கே பண்ணிடுங்கனு சொல்லுங்க. அவருக்குத் தெரியாத நம்பரா?" அப்படியே செய்தோம். பத்தொன்பது வருஷத்தில் என் வேலையை அவள் நம்பியது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆனால் அந்தப் பெண் என்ன ஆனார் என்று தெரியவில்லை. மாதங்கள் போயின. ஒரு நாள் மனசு தாங்காமல் மேடத்திடம் கேட்டேன். "டாக்டர் மருந்தை மாத்தினார்னு தெரியும். அதுக்கு மேல நமக்குச் சொல்ல மாட்டாங்க. நாம கேக்கவும் கூடாது" என்றார். சொல்லிவிட்டு டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் கேட்க ஆசைதான்.

மறு வருஷம் மாசி மாதம். காலையில் ஊசி மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் ஐஸ் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக நிவேதாதான் கொண்டுவருவாள். உள்ளே இருந்த குழாயை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். எண் முப்பத்தேழு. வயது நாற்பத்திரண்டு.

"மேடம், இது..."

"நோய் அடங்கியிருக்கு. அப்போ இருந்ததையும் இப்போ இருக்கறதையும் ஒப்பிட்டுப் பார்க்கணுமாம். அவங்களே ஒத்துக்கிட்டு மஜ்ஜை எடுக்க நேத்து நடந்து வந்தாங்களாம். டாக்டர் அவ்வளவுதான் எழுதியிருக்கார்."

நான் ஊசி இழுக்க ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மிஷினில் இறுக்கினேன். விரல் நடுவில் பட்டுவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். அது கையிலேயே உடைந்தது. நடுங்காத கை என்று பெயர் வாங்கிய கை அன்றைக்கு நடுங்கியது. மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மெதுவா செய்யுங்க ஏழுமலை" என்றார். "இந்தத் தடவை அவங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."